கண்ணை மூடாமல் எடுத்த பூ

பனியன் கம்பெனியில் மிஞ்சும் வெட்டுத்துணியில், எங்கள் பாஷையில் பனியன் வேஸ்ட்டில், மண்ணெண்ணெய் ஊறினால் ஒரு வாசம் வரும். திருப்பூரில் பாதிப் பிள்ளைகள் அந்த வாசத்தில்தான் வளர்ந்தோம், ஆனால் அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், அப்பாவின் லாரி இன்ஜினைக் கழற்றி, அனுப்பர்பாளையத்துப் பட்டறைத் தரையில் பரப்பி, கலர் கலரான வெட்டுத்துணியால் ஒவ்வொரு பாகத்தையும் துடைத்து வைத்திருந்தார்கள். ஆள் செத்த வீட்டில் சாமான்களை வெளியே எடுத்து வைத்த மாதிரி இருந்தது. இனிமையான இளமைக்காலம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம், அந்த ஐட்டம் என்னிடம் இல்லை.

அப்பாவும் அந்த லாரியும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். நூல் மூட்டையும் சாயத்துக்குப் போகும் துணியும் ஏற்றுகிற அந்த வண்டியைத் தெருவே "கெழவி" என்றுதான் கூப்பிடும். மூன்று தெரு தள்ளி வரும்போதே அதன் இருமல் கேட்டுவிடும். "எங்கப்பா வந்தாச்சு" என்று கிளாஸில் நான் போட்ட சீன் கொஞ்சநஞ்சமல்ல.

பட்டறைக்காரர் செல்வின் அண்ணன், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். இன்ஜின் பிளாக்கில் மயிரிழையாக ஓடிய கீறலை டார்ச் அடித்துக் காட்டி, ஒட்டவைத்து, சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்து ஓட்டலாம், ஆனால் எத்தனை நாளைக்கு என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அதைவிட, மூலையில் தார்ப்பாயால் மூடிக்கிடந்த இன்னொரு இன்ஜினைத் தூக்கி மாட்டிவிடலாம், பத்து வருடத்துக்குப் பேச்சே இல்லை என்றார். அது விபத்தில் நொறுங்கிய ஒரு லாரியின் இன்ஜின். அதை ஓட்டியவர் ஸ்டியரிங்கிலேயே செத்துப்போயிருந்தார்.

"செத்தவன் வண்டியோடது நமக்கு வேண்டாமுங்க" என்றார் அப்பா.

"இரும்புக்குச் சாவு தெரியுமா அண்ணாச்சி? உங்க கெழவிக்குத்தான் மூச்சு நிக்கப் போவுது."

அம்மாவும் செல்வின் அண்ணன் கட்சிதான். வண்டி நின்றால் சோறு நிற்கும் என்பது அவளுடைய ஒரே வாதம். நாலு நாள் அப்பா இரண்டு இன்ஜினுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். அப்புறம் எங்கள் ஊரில் முடிவெடுக்க முடியாதவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தார்: மாரியம்மன் கோயிலில் "பூ கேட்பது". வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தாள் காலடியில் போடுவார்கள், விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும், எடுத்ததுதான் தீர்ப்பு. வெள்ளை வந்தால் பழைய இன்ஜினையே ரிப்பேர் செய்வது, சிவப்பு வந்தால் செத்தவர் இன்ஜினை மாட்டுவது என்று அப்பா வேண்டிக்கொண்டார். விவரம் தெரியாத குழந்தை நான்.

பூசாரி பொட்டலம் கட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மூடவில்லை. அந்த நாலு நாளும் கனவில் அப்பா ஸ்டியரிங்கில் சாய்ந்தே கிடந்தார். அந்த இன்ஜின் வந்தால் அப்பாவும் அப்படித்தான் போவார் என்று எனக்கு அத்தனை உறுதி. இடது பக்கம் விழுந்ததுதான் வெள்ளை. "எடு சாமி" என்றார் பூசாரி. எடுத்தேன்.

பொட்டலம் பிரிந்ததும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். செல்வின் அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, ஆத்தாளே சொன்ன பிறகு மெக்கானிக் என்ன சொல்வது என்று வேலையை ஆரம்பித்தார்.

கெழவி இரண்டு மாதம் ஓடினாள். மூலனூர்ப் பக்கத்து மில்லிலிருந்து ஒரு கம்பெனிக்கு அவசர லோடு ஏற்றி வந்த அன்று, நடுரோட்டில் வெள்ளைப் புகை கக்கி, பிளாக் இரண்டாகப் பிளந்து நின்றாள். கப்பலுக்குப் போகவேண்டிய ஆர்டர் நூலில்லாமல் நின்றது. கம்பெனி அப்பாவைக் கழற்றிவிட்டது, அதைக் கேள்விப்பட்டு மற்ற கம்பெனிகளும் கழற்றிவிட்டன. செத்தவர் இன்ஜினை அதற்குள் ஒரு குன்னத்தூர்க்காரர் தன் லாரிக்கு மாட்டிக்கொண்டு போயிருந்தார். கெழவி வீட்டு முன்னால் துருப்பிடித்து, கடைசியில் எடைக்குப் போனாள். அப்பா அதற்கப்புறம் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை.

இன்றைக்கு அதே கம்பெனியில் நான் மாடியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், அப்பா கீழே கேட்டில் வாட்ச்மேன். பட்டறை இருந்த இடத்தில் பிரிண்டிங் யூனிட் வந்துவிட்டது, செல்வின் அண்ணன் ஊருக்கே போய்விட்டார், கெழவி எந்த உலையில் உருகினாளோ தெரியாது. குன்னத்தூர்க்காரர் லாரி மட்டும் இன்னமும் எங்கள் கம்பெனிக்கு நூல் கொண்டுவருகிறது. அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

போன வாரம் அது உள்ளே வரும்போது நான் கேட்டருகே நின்றிருந்தேன். அப்பா கதவைத் திறந்துவிட்டு, லாரி நிற்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி ஓடுது பாரு கண்ணு. நமக்கு வேண்டாம்னு ஆத்தா சொல்லிப்போட்டா. அவ சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்."

அவள் சொல்லவே இல்லை அப்பா என்று பதினைந்து வருடமாக வாயில் வைத்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டால் அவரிடம் மிச்சமிருக்கிற அந்த ஒரு காரணமும் போய்விடும். ஆமாங்கப்பா என்று சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.