ஓனரம்மாவின் கை

என் அக்கா கல்யாண வீட்டுக்குக் கிளம்பவும் டாக்டரிடம் கிளம்பவும் ஒரே நேரம்தான் ஆகும். தலை வாரி, துணி மாற்றி, முகத்துக்கு மேக்கப் போட்டு, கடைசியில் இரண்டு கைகளுக்கும் போட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வருவாள். அதுவரை நான் ஸ்கூட்டரை ஓடவிட்டு பெட்ரோலை எரித்துக்கொண்டிருப்பேன். கைக்கு எதற்கு மேக்கப் என்று கேட்டுவிடக் கூடாது. நாலு பேர் முன்னால் போகிறவள் எப்படிப் போக வேண்டும் என்று ஆரம்பித்து, என் சட்டைக் காலரின் அழுக்கு வரைக்கும் பேசி முடித்துவிட்டுத்தான் பின்சீட்டில் ஏறுவாள்.

அக்கா பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, தலை அலசும் தொட்டி, சுவர் நிறைய டை டப்பாக்கள். யாரோ ஒருவர் கடையில் கீழே விழுந்த முடியைப் பெருக்குகிற வேலையில் சேர்ந்தவள். பெருக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டு, தனக்கென்று ஒரு கடையைப் பிடித்தாள். அதனால் மாமா அவளை ஓனரம்மா என்றுதான் கூப்பிடுவார். மாமாவுக்கு லோடு வண்டி ஓட்டுகிற வேலை. நான் அக்காவின் பக்கத்துக் கடையில் செல்போன் ரிப்பேர் செய்கிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு எப்போது நரைக்க ஆரம்பித்தது, எல்லாம் எனக்கு அத்துபடி.

அக்காவின் கையில் முதலில் வந்தது விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு பொடிப்பொடியாகக் கொப்புளம். அது உடைந்து தோல் உரிந்து, விரல் மடங்குகிற இடமெல்லாம் வெடித்தது. கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரலை விடும்போது அவள் மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்கும். நாற்காலியில் இருப்பவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள். அவர்களிடம் ஏதாவது பேசிச் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

டாக்டர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. தெருமுனை டாக்டர் சோப்பை மாற்றச் சொன்னார். தோல் டாக்டர் என்று போர்டு போட்ட ஒருவரிடம் பாதி நாள் காத்திருந்து உள்ளே போனோம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் அவர் மருந்து எழுதி முடித்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர், கை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, மனக்கவலையாக இருக்கும் என்றார். என் அக்கா கவலை கொடுக்கிற ஆள், படுகிற ஆள் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. மொத்தத்தில் எல்லோரும் எழுதியது ஒரே மாதிரி ஆயின்ட்மென்ட்தான். தடவினால் அடங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும். கொஞ்ச நாளில் அவள் டாக்டரைக் கேட்காமல் மருந்துக் கடையிலேயே அதை வாங்கித் தடவ ஆரம்பித்தாள். புறங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது மாமாதான் பேச்சை எடுத்தார். அவள் ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் பிடித்துக்கொண்டிருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை. "போதும், கடையை யாருக்காவது குடுத்துடலாம். என் சம்பாத்தியத்துல நாம சாப்பிட முடியாதா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

"சாப்பாட்டுக்காகவா நான் கடை வெச்சிருக்கேன்?" என்றாள் அக்கா. "காலையில அந்த ஷட்டரைத் தூக்கும்போது எனக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. இதுக்குன்னு ஒரு சரியான டாக்டர் எங்கயாவது இருப்பாங்க. நான் கண்டுபிடிக்கிறேன்."

சொன்னால் சொன்னதுதான். மறுநாளிலிருந்து தலை கொடுத்தவர்கள் எல்லோரிடமும் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, தலையையும் நனைத்துவிட்ட பிறகு யாரால் எழுந்து ஓட முடியும்? உங்கள் வீட்டில் யாருக்காவது தோல் வியாதி உண்டா, எங்கே காட்டினீர்கள், குணமானதா என்று குடைந்து எடுப்பாள். பல பேர் பல பெயர் சொன்னார்கள். அவளுக்கு எதுவும் திருப்தியாக இல்லை. கடைசியில் நுனி வெட்ட வந்த ஒரு நர்ஸ், தோல் டாக்டர்களிலேயே செய்கிற தொழிலால் வருகிற அலர்ஜியை மட்டும் பார்க்கிற டாக்டர்கள் உண்டு என்றும், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு அம்மா இருக்கிறார் என்றும் சொன்னார். அந்த நர்ஸுக்கு அன்று அக்கா காசே வாங்கவில்லை.

வாரம் ஒரு நாள்தான் அந்த டாக்டர் பார்ப்பார். அந்த ஒரு நாளுக்கு இடம் கிடைக்க, அக்கா என் கடைக்குள் வந்து நின்றுகொண்டு, என் போனிலிருந்தும் அவள் போனிலிருந்தும் ரிப்பேருக்கு வந்த ஒரு போனிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிக் கூப்பிட்டாள். கிடைத்தது. வழக்கம்போல ஜோடித்துக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். சிடுசிடு முகம். உட்காரச் சொன்னார், என்ன வேலை என்று கேட்டார், கையை மேஜை விளக்குக்குக் கீழே வைக்கச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பஞ்சை நனைத்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. அதற்குக் கீழே இருந்த கையை அன்றுதான் நானே அத்தனை வெளிச்சத்தில் பார்த்தேன்.

"மேக்கப் பிரமாதமா இருக்கு," என்றார் டாக்டரம்மா. "இதுக்கு முன்னாடி பார்த்த டாக்டருங்ககிட்டயும் இப்படித்தான் போனீங்களா?"

அக்கா தலையாட்டினாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நாங்கள் போன எல்லா டாக்டரும் பார்த்தது அக்காவின் கைவேலையைத்தான். அதுவும் ஓய்வு நாளாகப் பார்த்து, முதல் நாள் ஆயின்ட்மென்ட்டைத் தடவி அடக்கி, மேலே பூசி மெழுகிக்கொண்டு போயிருக்கிறாள். துடைத்துப் பார்க்காதது அவர்கள் தப்பு. ஆனால் இவளை என்னவென்று சொல்வது?

டாக்டரம்மா திட்டவில்லை. அந்த ஆயின்ட்மென்ட்டை நிறுத்திவிட்டு, வேறு ஒரு வெறும் களிம்பு மட்டும் தடவிக்கொண்டு, வழக்கம்போல வேலை செய்து, கை மிக மோசமாக இருக்கிற நாளில் கடையிலிருந்து நேராக வரச் சொன்னார். கடையில் கை படுகிற ஷாம்பூ, டை, கையுறை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். மேக்கப் கூடவே கூடாது என்றார். மற்றதற்கெல்லாம் சரி சரி என்றவள் அதற்கு மட்டும் கைகளை மேஜையிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

அந்த நாட்கள் கொடுமையானவை. ஆயின்ட்மென்ட் நின்றதும் கை சிவந்து வீங்கி நீர் கட்டியது. அதை அப்படியே வைத்துக்கொண்டு அக்கா ஷட்டரைத் தூக்கினாள். ஒரு பெண் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்ததும், அவசர வேலை இருப்பதாகச் சொல்லி ஈரத்தலையோடு எழுந்து போனாள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் கொதித்துப்போய், அந்தப் பெண்ணின் போன் ரிப்பேருக்கு வந்தால் என்ன செய்வேன் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா நாற்காலியைத் துடைத்தாள். மேக்கப் பெட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அதை எடுத்து என் கடை மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிப் போனாள்.

கத்தரிக்கோலைப் பிடிக்கவே முடியாத நாள் வந்ததும் கிளம்பினோம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்து இரண்டு பேர் தள்ளி நின்றார்கள். நிற்கட்டும், நமக்கு இடம் கிடைத்தது என்றாள் அக்கா. டாக்டரம்மா கையை நெடுநேரம் பார்த்தார். பை நிறையக் கொண்டுபோன பொருட்களில் ஒவ்வொன்றிலும் துளியளவு எடுத்து, அவளுடைய முதுகில் வரிசையாக ஒட்டு ஒட்டி அனுப்பினார். முதுகில் தண்ணீர் படாமல் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பப் போனோம். ஒரே ஒரு இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"டைதான்," என்றார் டாக்டரம்மா. "அதுல இருக்கற ஒரு கெமிக்கல் உங்களுக்கு ஆகாது. இனிமே நீங்க அதைத் தொடவே கூடாது."

கையுறை போட்டுக்கொண்டுதானே பூசுகிறேன் என்றாள் அக்கா. இத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறது என்று பதில் வந்தது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் டை பூசத்தான் வருகிறார்கள். அது எனக்கே தெரியும்.

"முடி வெட்டலாமா?" என்று கேட்டாள் அக்கா.

"தாராளமா வெட்டலாம். கை ஒரே நாள்ல சரியாயிடாது, மாசக் கணக்கா ஆகும். ஆனா இதை விட்டாத்தான் ஆகும்."

கடைக்கு வந்ததும் சுவரிலிருந்த டை டப்பாக்களை என்னை இறக்கச் சொன்னாள். தற்செயலாக அங்கே வந்த மாமா, வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, கடைசியில் மூடத்தான் முடிவு செய்தாயா என்று மெதுவாகக் கேட்டார். யார் மூடுவதாகச் சொன்னது, வெளியே போர்டில் டை என்று எழுதியிருப்பதன் மேல் பெயின்ட் அடியுங்கள் என்றாள் ஓனரம்மா. மாமா ஏணி எடுக்கப் போனார்.

அடுத்த வாரமே டீச்சரம்மா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாதம் தவறாமல் அக்காவிடம் டை பூசிக்கொள்கிறவர். சில மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்தவருக்கு, அங்கே யாரிடமும் தலையைக் கொடுக்காததால் இரண்டு விரல் அளவுக்கு வெள்ளை வளர்ந்திருந்தது. அதை மறைத்துக்கொண்டு அவசரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா துணியைக் கட்டவில்லை. முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டி விஷயத்தைச் சொன்னாள். எதிர்த்தெருக் கடையில் நன்றாகப் பூசுகிறார்கள், அங்கே போங்கள், வெட்ட மட்டும் இங்கே வாருங்கள் என்றாள்.

டீச்சரம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வந்தப்பல்லாம் இந்தக் கையாலதான் பூசினியா?"

"ஆமாம்மா."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கறுப்பு எங்க வரைக்கும் இருக்கோ அதெல்லாத்தையும் வெட்டிடு."

"ரொம்பக் குட்டையாயிடும்மா. முழுக்க வெள்ளையாத் தெரியும்."

"தெரியட்டும். டை பூசிக்கவா இத்தனை வருஷம் உன்கிட்ட வந்தேன்னு நினைச்சே?"

நான் தடுப்பு ஓரமாக எழுந்து நின்று பார்த்தேன். அக்கா அழுதுகொண்டே வெட்டினாள். கறுப்பு முடி கொத்துக்கொத்தாகக் கீழே விழுந்தது. கத்தரிக்கோல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முடிந்ததும் டீச்சரம்மா வெள்ளைத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்றார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெட்டுகிறவள் நானா நீங்களா, தலையைக் குனியுங்கள் என்றாள்.