சாப்பிட்டபின் கைது

மலேசியாவின் புக்கிட் பெருவாங்கில் தினமும் காலை எனக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. மாமாக் கடை என்று இங்கே சொல்லும் தமிழ் முஸ்லிம் உணவகத்துக்குள் நுழைந்ததும் கல்லாவில் இருக்கும் பாய், "பாஸ், தே தாரிக்கா?" என்று ஆற்றிய டீக்கு ஆர்டர் கேட்பார். விருதுநகர்ப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் தலைமுடி உதிரும்வரை உழைத்தும் நான் எட்டிப் பிடிக்காத பதவி அது. முதல் வாரம் பூரித்துப்போனேன். அடுத்த வாரம்தான் எனக்குப் பின்னால் ஈரக் குடையோடு வந்தவரும் பாஸ், அவருக்கு ரொட்டி வைத்தவரும் பாஸ் என்று தெரிந்தது. எல்லாரும் மேலதிகாரியாக இருக்கும் நாட்டில் கோப்பு எப்படி நகரும் என்று கவலைப்பட்டேன். நகர்கிறது. அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மகன் பக்கத்து ஊரான டுரியான் துங்காலில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறான். நானும் மனைவியும் அவனோடு இருக்கிறோம். கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் அனுமதியின்படி நான் இந்த நாட்டின் விருந்தாளி. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் விருந்தாளியாகவே புதுப்பிக்கிறார்கள். சக புலம்பெயர்ந்தோருக்கு இந்தச் சுகம் தெரியும்.

வந்த வருடம் தீபாவளியன்று வீட்டுக் கேட்டை யாரோ திறந்துவைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு சீனப் பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, தட்டை எடுத்து, முறுக்கைக் கடிக்க ஆரம்பித்தார். எங்கள் அலுவலகத்தில் உள்ளே வருகிறவரிடம் முதலில் கேட்பது 'யார் நீங்க', அடுத்தது 'யாரைப் பாக்கணும்'. அதன்படி ஆங்கிலத்தில் விசாரித்தேன். அவர் கையை ஆட்டி, "நோ நீட் லா. ஐ ஈட் ஃபர்ஸ்ட்" என்றார். 'லா' இந்த ஊரில் எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டும் வால். தின்று முடித்து, எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, போய்விட்டார். மகனிடம் அவர் யாரென்று கேட்டேன். "தெரியாதுப்பா. பண்டிகைக்கு ஓப்பன் ஹவுஸ்னா யாரு வேணும்னாலும் வந்து சாப்பிடலாம்." என் மனைவியோ அவரை என் மாமாக் கடை நண்பர் என்று நினைத்து அதிரசம் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

இந்தக் குறையைப் பக்கத்து வீட்டு மேரி டீச்சரிடம் போன வருடம் சொன்னேன். அவர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "சார், இது போதும், எங்களுக்குக் கதை கெடச்சிருச்சு" என்றார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய பள்ளியும் நார்வேயில் சனிக்கிழமை மட்டும் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பும் இணையத்தில் சேர்ந்து நாடகம் போடுகின்றன. முதல் காட்சியை இவர்கள் எழுதுவார்கள், அடுத்ததை அவர்கள். கடைசியில் இரு தரப்பும் திரை வழியே சேர்ந்து நடிக்கும். ஓய்வுபெற்றவனிடம் ஆலோசனை கேட்டால் என்ன கிடைக்கும்? விதி கிடைக்கும். 'ஒரு தரப்பு எழுதிய வசனத்தை மறு தரப்பு திருத்தக் கூடாது' என்று கொடுத்தேன். அதற்குக் கைம்மாறாக, வீட்டுக்குள் வரும் அந்நியனாக என்னையே போட்டார்கள். "அங்கிள் பேசுறதே வேற ஊரு ஆளு மாதிரிதானே, நடிக்கவே வேணாம்" என்றாள் துளசி.

துளசியைச் சொல்ல வேண்டும். அந்தச் சின்னப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பு முழுவதும் அவள்தான். முதல் மாணவி, கடைசி மாணவி, வகுப்புத் தலைவி, எல்லாம் அவளே. சண்டை போடக்கூட ஆள் கிடையாது. நார்வேயில் இருக்கும் அபிரா என்ற பெண்ணுக்கும் அதே வயது. சனிக்கிழமை மாலை, அங்கே காலை, துளசி மடிக்கணினியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். அபிராவின் முகம் மேசை விளிம்புக்கு மேல் தெரிய, இருவரும் அழிப்பான்களைக் காட்டிப் பொறாமைப்படுத்திக்கொள்வார்கள். அந்த நாற்காலியில் வேறு யாரையும் அவள் உட்காரவிடுவதில்லை. என்னையும்தான்.

முதல் காட்சி நார்வேக்குப் போனது. தீபாவளி வீடு, தெரியாத மனிதர் வருகிறார், துளசி பரிமாறுகிறாள். நார்வேப் பிள்ளைகள் எழுதிய இரண்டாம் காட்சி வந்தது. அதில் போலீஸ் வந்து அந்த மனிதரைத் திருடன் என்று கைது செய்கிறது.

துளசி மடிக்கணினியை அடித்து மூடினாள். "டீச்சர், இனிமே அவகூட நான் பேசல. எங்கப்பா லாரி ஓட்டிட்டுப் போற எடத்துல தீபாவளின்னா யார் வீட்லயாச்சும் சாப்பிட்டுத்தான் வருவாரு. அப்ப அவரும் திருடனா?"

அடுத்த சனிக்கிழமை மேரி டீச்சர் மூடியைத் திறந்து, அவளை இழுத்து உட்காரவைத்தார். அபிராவுக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. "ஆரெண்டு தெரியாத ஆளை ஏன் உள்ள விட்டனீங்கள்? அம்மா இல்லாத நேரம் கதவே திறக்கக் கூடாதெண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கினம்." துளசி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த நாடான இலங்கையில் கதவைத் தட்டியவர்கள் யார் யார் என்று அந்தப் பிள்ளையின் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். வசனத்தை மாற்றிவிடலாமா என்று மட்டும் டீச்சரிடம் கேட்டேன். "ரூல் போட்டது நீங்கதானே சார்? நாம மாத்தினா அந்தப் பிள்ளைங்க நாடகத்தையே விட்டுருவாங்க. அப்புறம் துளசிக்கு வகுப்புல வேற யாரு இருக்கா?" என்றார். வாழ்நாளில் நான் போட்ட விதி எதையும் யாரும் இவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றியதில்லை. அது இந்த நேரத்தில்தானா நடக்க வேண்டும்?

நாடக நாள் வந்தது. பள்ளி மண்டபத்தில் தோட்டத்துச் சனம் நெகிழி நாற்காலிகளில் நிறைந்திருந்தது. துளசி வசனம் ஒப்பித்தாள், ஆனால் திரையைப் பார்க்கவில்லை. எனக்கு இடியப்பமும் கோழிப் பெரட்டலும் வைத்தாள். உண்மையான பெரட்டல். அவளுடைய அம்மா செய்தது. நான் நடிப்பை மறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திரையில் அபிரா அட்டைத் தொப்பியோடு தோன்றினாள்.

"நீங்கள் ஆர்? எந்த ஊர்? இந்த வீட்டுக்கு உங்களை ஆர் கூப்பிட்டது?"

வசனப்படி நான் தலைகுனிய வேண்டும். அது வசதியாகவே இருந்தது. எந்த ஊர் என்று கேட்டால் நாடகத்துக்கு வெளியிலும் நான் கடவுச்சீட்டைத் தேடுகிறவன்.

"அப்ப நீங்கள் கள்ளன். அசையக் கூடாது!"

இத்தோடு நாடகம் முடிய வேண்டும். ஆனால் துளசி உள்ளே போய் இன்னொரு தட்டில் இடியப்பம் எடுத்து வந்து மடிக்கணினிக்கு முன்னால் வைத்தாள். எழுதியிருந்த ஒரு வசனத்தையும் அவள் மாற்றவில்லை. முடிந்த பிறகு என்ன செய்யக் கூடாது என்று நான் விதி எழுதியிருக்கவில்லை. அலுவலகத்தில் இப்படி ஓட்டை கண்டுபிடிக்கிறவர்களை நாங்கள் வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம்.

"போலீசு, சாப்டாச்சா?" என்றாள். பல நாள் கழித்து அவள் அபிராவின் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். "மொதல்ல சாப்பிடு லா."

நார்வே அப்படியே நின்றது. இணையம் அறுந்துவிட்டதோ என்று மேரி டீச்சர் வயரைத் தொட்டுப் பார்த்தார். அபிரா திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். யாரோ ஒரு ரொட்டித் துண்டை நீட்டினார்கள். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரு கடி கடித்து, வாய் நிறைய ரொட்டியோடு சொன்னாள்:

"சரி. சாப்பிட்டிட்டுத்தான் கைது செய்வன்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. துளசி கீழ் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள். நாடகத்தில் இல்லாத குரலில், "உன் ரொட்டிக்குள்ள என்னா?" என்றாள். "சீஸ். உங்கட இடியப்பத்துக்கு என்ன கறி?" என்றாள் அவள். பிறகு என்னை யார் கவனித்தார்கள்? இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.

திரையின் மூலையில் இருந்த சின்னச் சதுரத்தைப் பார்த்தேன். கேமரா என்னைச் சரிபாதியாக வெட்டியிருந்தது. இடது தோளும் அரை முகமும் உள்ளே. வலது பாதி வெளியே. நார்வேக்குத் தெரிந்தது கைதான பாதி. துளசியின் அம்மா மேடையோரமாக வந்து, "கூச்சப்படாதீங்க, நம்ம வீடு மாதிரி" என்று வெளியில் இருந்த பாதியின் தட்டில் இன்னொரு கரண்டி பெரட்டலைப் போட்டார். அபிரா விரலை நீட்டி, "நான் சொல்லுமட்டும் அசையக் கூடாது" என்றாள். இரண்டு உத்தரவும் அமலில் இருந்தன. இடது தோளை அசையாமல் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டேன்.