ஸப்னா வாங்கிய சுழியோடிக் கண்ணாடி

வாரைத் தலைக்குப் பின்னால் மாட்டாமல், கடலுக்கடியில் மூழ்குபவர்கள் போடும் சுழியோடிக் கண்ணாடியை வெறும் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை உள்ளே இழுத்து, கையை எடுத்தாள் ஸப்னா. முகத்திலேயே ஒட்டி நின்றால் அது தண்ணீர் புகாத கண்ணாடி. இவளுக்கு விழுந்துவிட்டது. அடுத்ததை வைத்தாள். அதுவும் விழுந்தது. பொத்துவில் கடைக்காரர் ஹாதிக், விழுகிற ஒவ்வொன்றையும் ஓடி ஓடிப் பிடித்துக் களைத்துப்போனார்.

ஸப்னா என் தம்பி நளீரின் மனைவி; நான் அவளுக்கு மச்சி. கல்முனையில் பிறந்தநாள் கேக் செய்து விற்கிறாள். பெட்டி மூடியை அழுத்திப் பார்க்காமல் ஒரு கேக்கையும் வெளியே அனுப்பமாட்டாள். பேச்சிலும் அதே அழுத்தம்தான். ஹாதிக் விலை கூடிய ஒன்றை நீட்டியதும், "வெலையக் கதைக்காதீங்க காக்கா, காத்துப் புடிக்கிமா எண்டு கதைங்க" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பதற்றம். சுழியோடப் பழகி, சான்றிதழுக்கு ஒரேயொரு இறக்கம்தான் மீதி. போன முறை இரவல் கண்ணாடியில் தண்ணீர் புகுந்து, ஊதி ஊதி வெளியேற்றியும் திரும்ப நிறைந்து, பாதியில் மேலே வந்துவிட்டாள். பழக்குகிற றிஸ்லா, "இந்தத் தரமும் ஏறி வந்தா அடுத்த வருசம்தான் புள்ள" என்று சொல்லிவிட்டார். ஊரெல்லாம் அவள் பயந்துவிட்டாள் என்று கதை. நளீரும் சும்மா இருக்காமல், "விடுகா, ஒனக்குக் கடல் பயம்" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவனோடு நாள் கணக்கில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"ஒங்கட முகம் சின்னன், அதான் ஒட்டுதில்ல," என்றார் ஹாதிக்.

"எண்ட முகத்துல ஒரு குறையும் இல்ல!" என்று, சுழியோடிக் கண்ணாடியை முகத்தில் பிடித்தபடியே நிலைக்கண்ணாடிக்கு முன்னால் போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். வீட்டுப்படி தாண்டுமுன் எங்கள் பெண்கள் முதலில் மூடுவது தலையைத்தான். முக்காட்டுக்கு அடியில் அவள் போட்டிருந்த உள்தொப்பியின் விளிம்பு நெற்றியில் இறங்கி, கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இங்கே காற்றுக்கும், போன முறை கடலில் தண்ணீருக்கும் அதுதான் வாசல்.

"மச்சி, இஞ்ச பாருங்க!"

விளிம்பை ஒரு விரலளவு மேலே தள்ளினாள்; ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை. முதலில் விழுந்த அந்தச் சாதாரணக் கண்ணாடியையே எடுத்து வைத்து, மூச்சை இழுத்து, இரண்டு கையையும் விரித்தாள். நின்றது. குனிந்தாள், தலையை ஆட்டினாள், விழவே இல்லை. மாஷா அல்லாஹ், கடை என்றும் பாராமல் நான் கைதட்டிவிட்டேன். அதையும் ஒரு ரப்பர்த் தொப்பியையும் வாங்கினாள். "இனிக் கண்ணாடி முதல்ல, ரப்பர்த் தொப்பி அதுக்கு மேல," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை காலை றிஸ்லாவோடு இறங்கினாள். படகில் நானும் நளீரும். குமிழி வருகிற இடத்தையே பார்த்தபடி அவன் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தான். கடைசியில் இரண்டு தலைகள் மேலே வந்தன.

"முழுசா முடிச்சிட்டா!" என்று றிஸ்லா கத்தினார்.

ஸப்னா கண்ணாடியைக் கழற்றவில்லை. படகில் ஏறி, நேரே நளீரிடம் போய், முகத்தை அவன் முகத்துக்குக் கிட்ட நீட்டினாள். இறங்குமுன் கண்ணுக்கு எழுதியிருந்த சுறுமா மை, ஒரு இழைகூடக் கரையாமல் இருந்தது. அவன் நன்றாகப் பார்க்கட்டும் என்று கண்ணாடியை விரலால் தட்டினாள்.