கொண்டை எழுத்துக்கு வந்த ஆர்டர்

அந்த மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் கொண்டை. அவர் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அவர் வரைந்த எழுத்துகளுக்குத்தான் கொண்டை. எழுத்துரு செய்யும் எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். ஐந்து பேர் நாளிதழுக்கும் பாடப்புத்தகத்துக்கும் அடக்கமான எழுத்துகளைச் செய்து பிழைத்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் ஆறு வருடமாக ஒரே எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அசத்தலாகத்தான் இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். கோடு முடிகிற இடத்திலெல்லாம் செருப்பின் குதிகால்போல ஒரு முனை. சுழி வந்தால் அதன் உச்சியில் ஒரு கொடிச் சுருள், அதுதான் கொண்டை. ஔ ஒன்றுக்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். யார் வீட்டில் ஐயா தினமும் ஔ எழுதுகிறார்கள் என்று கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். கடைப் பலகை, இனிப்பு டப்பா, சோப்பு உறை, இவற்றுக்கென்றே பிறந்த எழுத்து என்பார். சின்னதாக அச்சடித்தால் எழுத்துக்குள் இருக்கிற வெளியெல்லாம் மை அடைத்துக்கொள்ளும், ஒரு வரி படிக்க முடியாது. தலைப்புக்கு ஆகும், அவ்வளவுதான்.

என் வேலை எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி பார்ப்பது. மயிரிழை கூடினால் சொல் பல் விழுந்த வாய்போலத் தெரியும், குறைந்தால் எழுத்துகள் முட்டிக்கொள்ளும். கொண்டை என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டு என்ன பயன்? ஒருநாள் முதலாளியின் முன்னால், தங்கச்சி வேலைக்கு இரண்டு கண் போதும், மூளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் கெடு வைத்தார். அந்த எழுத்துக்கு மாதிரித் தாள் அச்சடித்து இருபது கம்பெனிக்கு அனுப்பினார். மாத முடிவுக்குள் ஒருவராவது கேட்டால் கொண்டைக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் எழுத்தும் வேண்டாம், அவரும் வேண்டாம். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு, வேறு எவன் வேலை கொடுப்பான்? தபால் வருகிற நேரமானால் வாசலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்தார்.

கடைசி வாரத்தில் அந்த யோசனை யாருக்கு வந்தது என்று கேட்டால் இப்போது எல்லோரும் மழுப்புவார்கள். எனக்குத்தான் வந்தது. சாக்லேட் கம்பெனி ஒன்று எழுதுவதுபோல ஒரு கடிதம் தயார் செய்தோம். தங்கள் எழுத்தைக் கண்டு மயங்கினோம், எங்கள் டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் இதுவே வேண்டும் என்று. அடியில் பெரிதாக 'காத்திருக்கிறோம்' என்ற ஒற்றைச் சொல், அவருடைய எழுத்திலேயே. பக்கத்து மேசைக்காரன் அடித்தான், நான் இடைவெளியைச் சரிசெய்தேன். பொய்க் கடிதம்தானே, கண்டபடி விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை.

தபாலோடு வந்த கடிதத்தைப் பிரித்ததும் கொண்டை மனைவிக்குப் போன் போட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினார். பிறகு முதலாளியின் அறைக்கு ஓடினார். நாங்களும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனோம். முதலாளி தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"யோவ், இந்த எழுத்து இன்னும் நம்ம கம்ப்யூட்டரை விட்டு வெளியவே போகலையே. அவங்க எப்படிய்யா இதுல அடிப்பாங்க?"

வெளியே போனது அச்சடித்த தாள் மட்டும்தான். ஆறு வருடம் வளர்த்தவருக்கு அது தோன்றவில்லை, சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"கா-வுக்குத் துணைக்காலை இவ்ளோ அழகா ஒட்டி வைக்க உன்னாலதான் முடியும், தங்கச்சி. நல்லா வந்திருக்கு."

நான் இல்லை என்றேன். முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். மாத முடிவு வரை இருக்கவில்லை.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பிஸ்கட் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நிஜக் கடிதம். மாதிரித் தாளில் இருந்த எழுத்துதான் வேண்டுமாம். டப்பாவில் எடையை அச்சடிக்க எண்களும் வேண்டுமாம். கொண்டை எண்களை இன்னும் வரையவில்லை, அந்தக் குதிகாலும் சுருளும் வேறு யார் கைக்கும் வராது. நீ கூப்பிட்டால் வருவார் என்று முதலாளி என்னைத்தான் போன் செய்யச் சொன்னார். வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். பயமாக இருந்தது.

"அண்ணே, நிஜமாவே ஆர்டர் வந்திருக்கு. பிஸ்கட் கம்பெனி. உடனே வரச் சொல்றாரு."

அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுக்கும் இடைவெளி நீதான் பாத்தியா, தங்கச்சி?"

வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. மறுநாள் முதலாளியே என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். மனைவிதான் கதவைத் திறந்தாள். முதலாளி கடிதத்தை நீட்டினார், அவள் கையில் வாங்கவில்லை.

"ஏற்கெனவே ஒண்ணு படிச்சுக் காட்டினாரு. போதும்."

கதவு மூடிக்கொண்டது. பிஸ்கட் கம்பெனி ஒரு வாரம் காத்திருந்தது. பிறகு வேறு எழுத்தை வாங்கிக்கொண்டது.