வலி இல்லாத கார்

மதுரையிலிருந்து மாற்றலாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், முன்சக்கரங்கள் இழுக்கும் சின்னக் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். மழை பெய்தால் போதும், வண்டிகளை ஏற்றி வரும் ஜங்கார் படகிலிருந்து கரையேறும் சரிவில் முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனாலேயே திட்டுவார்கள். அவர்களுக்கும் பின்னால் காயல்.

இஞ்சிக் கிடங்கை ஒட்டியிருந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த மேஸ்திரி பாலக்காட்டுத் தமிழர். காதில் பென்சில், மடித்துக் கட்டிய லுங்கி. எந்தக் கார் வந்தாலும், டாக்டர் வயிற்றை அமுக்குவதுபோல் முதலில் இரு கைகளாலும் அமுக்கிப் பார்ப்பார்.

என் காரின் முன்பக்கத்தை அமுக்கிவிட்டு, "வலி இல்ல சாரே" என்றார்.

"அப்பாடா!" என்றேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் பேச்சில் வலி என்றால் இழுவை என்பது எனக்கு அப்போது தெரியாது.

"கயற்றத்துல, மேடு ஏறும்போது, பின்பக்கம் தாழ்ந்து போகுது. அப்போ முன்னால பாரம் கொறஞ்சு டயர் வழுக்குது. பின் ஸ்பிரிங்கை மாத்தி, நல்ல கட்டியா, விறைப்பா ஆக்கித் தர்றேன். அப்புறம் நல்ல வலி இருக்கும்."

சொன்னபடியே ஆயிற்று. அடுத்த மழையில் கார் சரிவை ஒரே மூச்சில் ஏறியது. ஆனால் சாலையின் குழிகளெல்லாம் நேராக என் முதுகுக்கு வந்து சேர்ந்தன.

ஒரு வாரம் கழித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் இறங்கினேன்.

"வலி எப்படி சாரே?"

"நல்ல வலி."

அவர் என் கை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"முன்னாலயா, பின்னாலயா?" என்றார், சிரிக்காமல்.

மதுரைத் தமிழ் அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.