வள்ளியம்மாவின் போன் வகுப்பு

கைவினைப் பெண்களுக்கு செல்போன் சொல்லிக்கொடுக்கிற என் போன்றவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: நாம் எதற்காகச் சொல்லிக்கொடுக்கிறோமோ, அதற்கு மட்டும் அவர்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

எனக்கு ஊர் கிணத்துக்கடவு. வால்பாறைக்கு அப்பால் காடர் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில் மூங்கில் பாய் முடையும் பெண்களுக்கு, பாயைப் படமெடுத்து ஆன்லைனில் விற்கப் பழக்குவது என் வேலை. என்னை அதிகம் பாடுபடுத்திய மாணவி வள்ளியம்மா.

படத்தில் விழுந்த கை

பாயை மட்டும் எடுங்கள், வாங்குகிறவருக்கு அது போதும் என்று சொல்லியிருந்தேன். வள்ளியம்மா எடுத்த எல்லாப் படத்திலும் அவருடைய கை இருந்தது. வேண்டுமென்றே பாயின் மேல் வைத்து எடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். தங்கை தேவி தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு பரம்பிக்குளம் போனபோது, வள்ளியம்மா கோபத்தில் என்னவோ சொல்லிவிட்டாராம். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. நேரில் போனால் முகங்கொடுப்பாளோ மாட்டாளோ என்று பயம்.

"படம் எங்கெங்கயோ போகும்னு சொன்னீங்கல்லங்க டீச்சர். கையப் பாத்தா நாந்தான்னு அவளுக்குத் தெரியும்."

போனிடம் ஒரு கேள்வி

எழுத வராதவர்கள் போனிடம் வாயாலேயே கேட்கலாம் என்று காட்டினேன். மற்றவர்கள் மழை வருமா, பொள்ளாச்சி பஸ் எப்போது என்றெல்லாம் கேட்டார்கள். வள்ளியம்மா மட்டும், பரம்பிக்குளத்துத் தேவி நல்லா இருக்காளா என்று கேட்டார். அணை வந்தது, தங்கும் விடுதிகள் வந்தன, புலிகள் வரிசையாக வந்தன. பொறுமையாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"புலியெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்குதுங்க. அவளத்தான் தெரியல."

பதில்

பாய் முடைவதை வீடியோ எடுத்துத் தமிழில் விளக்கச் சொன்னேன். வள்ளியம்மா விளக்கிவிட்டு, கடைசியில் தங்கள் காடர் பேச்சில் ஏதோ சேர்த்தார், எனக்கு விளங்கவில்லை. பரம்பிக்குளத்துப் பெண்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டோம். சில வாரம் கழித்து, அங்கே யாருடைய போனிலிருந்தோ ஒரு குரல் பதிவு வந்தது. பேசியது தேவி. வள்ளியம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"ஓரம் மடிக்கறப்ப நான் இன்னும் அவசரப்படறேனாம்."

வீடியோ கால்

இந்தப் பாடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தேவியின் குடியிருப்பில் சிக்னல் கிடையாது, அவள் ஒரு மேட்டுக்கு ஏறி வரவேண்டும். நாங்கள் இந்தப் பக்கம் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். அழைப்பு சேர்ந்தது. தேவியின் முகம் தெரிந்தது. அக்கா என்று அவள் வாயெடுத்ததுமே படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி போட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். வள்ளியம்மா போனைத் தரவில்லை.

"இருக்கட்டுங்க டீச்சர். கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

போனில் எதை எங்கே அழுத்துவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன், சிக்னல் எட்டாத தூரத்துக்கு மட்டும் என்னிடம் பாடம் இல்லை.