நான் பாலிஷ் போட்ட இடுப்பு மூட்டு

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம். தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குப் பதிலாகத் தொடை எலும்புக்குள் செருகும் டைட்டானியம் தண்டு செய்கிற கம்பெனி அது, திருமழிசை தொழிற்பேட்டையில். நான் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினெட்டு வருஷம் எவர்சில்வர் பட்டறையில் பாலிஷ் போட்டவன். என் குடத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று பெருமையடித்துக்கொள்வேன்.

மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது பேக்கிங் மேஜையில் மூன்று தண்டுகளைப் பார்த்தேன். கீழ்ப் பாதி பளபளப்பு. மேல் பாதி சொரசொரவென்று சாம்பல் நிறம். யாரோ பாதியில் விட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். பூஜையன்று அரைகுறை வேலை கிடக்கக் கூடாது என்பது எங்கள் பட்டறைப் பழக்கம். யாரையும் கேட்கவில்லை. பாலிஷ் சக்கரத்தில் பிடித்து மூன்றையும் முழுக்க மின்ன வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏற்கெனவே பரிசோதனை முடிந்த சரக்கு என்பதால், லீவு முடிந்ததும் அப்படியே கட்டி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அதே மாதிரி இன்னொரு சரக்கு வந்தது. "மேல் பாதிய இந்தத் தடவையும் நானே முடிச்சிடட்டா?" என்று பரிசோதனை செய்கிற பெண்ணிடம் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, இன்னா சொல்ற? அத்த நீ தொட்டியா?"

என்ஜினியர் ஓடி வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எலும்புல உள்ள செல்லு புடிச்சு உக்கார சொரசொரப்பு வேணும், அண்ணா. அதுலதான் எலும்பு ஒட்டி வளரும். வழவழன்னு இருந்தா ஒட்டாது, தண்டு உள்ளயே ஆடும்" என்றார். சுவரைக் கொத்திவிட்டுத்தானே கொத்தனார் சிமெண்ட் பூசுகிறார்! அந்த யோசனைகூட எனக்கு வரவில்லையே.

போன் மேல் போன் போட்டார்கள். இரண்டு தண்டுகள் திரும்பி வந்தன. மூன்றாவது ஒரு பெண்ணின் காலுக்குள் போய்விட்டிருந்தது. டாக்டருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த அம்மாவின் பேரையோ ஊரையோ சொல்ல மாட்டார்களாம். எலும்பு பிடித்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

நாலு மாதம் கழித்து என்ஜினியர் தனியாகக் கூப்பிட்டார். "புடிக்கலண்ணா. திரும்ப அறுத்து வேற வெச்சிருக்காங்க. இனிமே கோல் இல்லாம நடக்கறது கஷ்டமாம்."

ஒரே ஒரு தடவை பார்த்துக் காலில் விழுந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். முடியாது என்றுவிட்டார்கள். யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் நின்றுவிட்டேன்.

குமணன்சாவடி பஸ் நிறுத்தத்தில் எந்தப் பெண்ணாவது கோல் ஊன்றி வந்தால், அவர் பஸ் ஏறி உட்காரும் வரை இன்றும் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். தெரியாமல் செய்த தப்புதானே என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவால் ஒரு படிகூட ஏற முடியாது.